மலைக்கு ஒரு லேசான துப்பாக்கி

சால்மன், ஐடஹோ
ஜூன் 9

அன்புள்ள வெல்டா அக்கா,

நானும் கோலீனும் சுகம். எங்கள் கோவேறு கழுதை செனட்டருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, குணம்தான் பழையபடி. நேற்று என் தொப்பியைத் தின்றுவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பானர்ஸ் ஃபெரியில் மழை விட்டதா?

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். கோலீன் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வப்போது எட்டிப் பார்த்து, "அந்த வார்த்தைய இன்னும் முடிக்கலயா?" என்கிறாள். முடிக்கவில்லை. முடிக்க அவசரமும் இல்லை. போன பனிக்காலம் முழுவதும் நூலகத்து டீச்சரிடம் உட்கார்ந்து இந்த எழுபது வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கோலீனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நல்ல சேதி ஒன்று வரட்டும், அதை என் கையாலேயே அக்காவுக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது நேற்று வந்தது.

அக்கா, மலையாட்டு வேட்டை அனுமதிக் குலுக்கலில் நம் இரண்டு பேர் பெயரும் விழுந்துவிட்டது.

வேட்டைத் துறையின் உறையை நானே பிரித்து நானே வாசித்தேன். ஆர்டெல் பெக்ஸ்டெட் என்று இருந்தது. அதற்குக் கீழே வெல்டா கிம்பல் என்று இருந்தது. எத்தனை வருஷமாகச் சேர்ந்து பெயர் கொடுக்கிறோம். ஒவ்வொரு ஜூனிலும் கோலீன் உறையைப் பிரித்ததும் விடுகிற பெருமூச்சிலேயே பதில் தெரிந்துவிடும். இந்த வருஷம் பெருமூச்சு என்னுடையது. அது வேறு மாதிரிப் பெருமூச்சு.

ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு மலையாடு. ஜோடியாகப் பெயர் கொடுத்தால் விழுந்தால் இருவருக்கும் விழும், இல்லையென்றால் ஒருவருக்கும் விழாது. நம் பேச்சும் அதேதானே. போனால் இரண்டு பேரும் போவோம், ஒருவர் மட்டும் போவதில்லை. அதைச் சொன்னது நீ. நான் மறக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் போகலாம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு பிரச்சினை. என் துப்பாக்கி, மேலே குறிபார்க்க இருக்கும் ஸ்கோப்போடு சேர்த்தால் ஒன்பது பவுண்டுக்கு மேல். செனட்டரின் முதுகில் போகும்வரை கனம் தெரியாது. ஆடு நிற்கிற பாறைக்குச் செனட்டர் வரமாட்டான். உன் துப்பாக்கியும் கடப்பாரைதான். இந்த வயதுக் கால்களுக்கு லேசானது வேண்டும், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தேடுகிற வேலை என்னுடையது. இப்போது எனக்குக் கேட்டலாக் வாசிக்கத் தெரியும்.

போன் பண்ணாதே. பேசினால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். எனக்குக் கடிதம் வேண்டும்.

உன் தம்பி,
ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
ஜூன் 17

என் அருமைத் தம்பி,

உனக்கும் கோலீனுக்கும் என் அன்பு. முழங்கால் அடங்கிவிட்டது, மழை அடங்கவில்லை. மாடுகள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு என்னைக் குற்றம் சொல்வதுபோலப் பார்க்கின்றன.

உறைமேல் என் பெயர் கோணல்மாணலாக இருந்ததைப் பார்த்து, ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிஸ்கட் விற்க எழுதியிருக்கிறார்கள் என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். சாயங்காலம்தான் பிரித்தேன். படித்து முடித்துவிட்டு மாடுகளிடம் போய்ச் சொன்னேன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. குலுக்கலைப் பற்றி அல்ல, மடையா. நீ எழுதியதைப் பற்றி. குலுக்கலைப் பற்றி அப்புறம் சொன்னேன்.

வருகிறேன். இடி விழுந்தாலும் வருகிறேன். நேற்றிலிருந்து தீவன மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி இறங்குகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வெல்டா, மூட்டைய எங்க கொண்டுபோறே?" என்றான். "எங்கயும் இல்ல" என்றேன். "அப்ப ஏன் கொண்டுபோறே?" என்றான். அவனுக்கு என்ன தெரியும்?

துப்பாக்கி விஷயம். குழல் குட்டையாக இருக்கட்டும், இருபது அங்குலம் போதும். தோளில் வைக்கிற கட்டை மரமாக வேண்டாம், மழையில் ஊறி வளைந்துவிடும். கண்ணாடியிழைக் கட்டையாகப் பார். ஸ்கோப்பும் சின்னதாக இருக்கட்டும். துப்பாக்கியில் ஒரு குச்சி கனத்தைக் குறைத்துவிட்டு அதன் தலைமேல் பூசணிக்காயை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஒன்று. துப்பாக்கியில் ஒரு பவுண்டு குறைக்கக் காசு ஆகும். உன் தொப்பையில் பத்து பவுண்டு இலவசமாகக் குறையும்.

அன்புடன்,
வெல்டா


சால்மன்
ஜூன் 28

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். மூட்டையைச் சுமக்கும்போது முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. உன் எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. டீச்சர் எனக்குத் தனித்தனியாக நிற்கிற எழுத்தைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறாள். ஓடுகிற எழுத்து அடுத்த பனிக்காலத்துக்கு. கோலீனிடம் கொடுத்தால் படபடவென்று படித்துவிடுவாள். கொடுக்கவில்லை. தொப்பை என்ற வார்த்தை கடைசியில்தான் பிடிபட்டது. அதுவரை நீ என் தொப்பியைப் பற்றி ஏதோ சொல்கிறாய் என்று நினைத்திருந்தேன். இனிமேல் முடிந்தால் தனித்தனியாக எழுது.

துப்பாக்கிக் கேட்டலாக்குகளை வாசித்துவிட்டேன். எவ்வளவு பொய் எழுதுகிறார்கள் அக்கா. எல்லாத் துப்பாக்கியும் இறகுபோல லேசு, எல்லாத் துப்பாக்கியும் பாறைபோல உறுதி. இத்தனை வருஷம் வாசிக்காமல் நான் தப்பித்திருக்கிறேன்.

பிறகு ஹோபார்ட் கடைக்குப் போனேன். "இருக்கறதுலயே லேசா ஒண்ணு எடு" என்றேன்.

"எதுக்கு ஆர்டெல்? சுடவா, தூக்கிட்டு நடக்கவா?"

"ரெண்டுக்குந்தான்."

"ரெண்டுக்குமா ஒண்ணு கிடையாது. தூக்க லேசா இருக்கறது சுட கஷ்டம். சுட சுகமா இருக்கறது தூக்க கஷ்டம். எந்தக் கஷ்டம் வேணும்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்."

அப்படியும் ஒன்றை எடுத்தான். கார்பன் இழை சுற்றிய குழல், எலும்பு மாதிரி குடைந்த கட்டை. ஐந்து பவுண்டு. கையில் வாங்கியதும் என் கை தானாக மேலே போய்விட்டது, அவ்வளவு லேசு. விலை ஒரு பழைய பிக்கப் வண்டியின் விலை. வாங்குவதற்கு முன்னால் நடந்து பார்க்கவேண்டும் என்றேன். கடையைச் சுற்றி நடந்தேன். போதவில்லை. சரக்கு அறைக்குப் போகிற மரப்படியில் ஏறி இறங்கினேன், ஏறி இறங்கினேன். தூண்டில் வாங்க வந்த ஒரு அம்மாள் ஹோபார்ட்டிடம், "அந்தப் பெரியவர் எதையாவது தொலைச்சுட்டாரா?" என்று கேட்டாள்.

"ஆடு தேடறார்" என்றான் ஹோபார்ட்.

அடுத்த வாரம் அதைச் சுட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறான். நீ நலமாக இரு. சீக்கிரம் எழுது.

ஆர்டெல்


சால்மன்
ஜூலை 16

அன்புள்ள அக்கா,

சுகமா? உன் கடிதம் வரவில்லை. வைக்கோல் அறுப்புக் காலம் என்று கோலீன் சொல்கிறாள். அப்படித்தான் இருக்கவேண்டும். தபால் பெட்டியைத் தினமும் நான்தான் திறக்கிறேன். உன் கடிதம் இல்லாவிட்டாலும் விளம்பரங்களை வாசிக்கிறேன். கூரைக்குத் தகடு போட நல்ல சமயம் இதுதானாம்.

ஐந்து பவுண்டுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தேன். ஆற்றங்கரைச் சுடுதளத்தில் மேசைமேல் முழங்கையை ஊன்றி, கண்ணை ஸ்கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விசையை அழுத்தினேன். அப்புறம் எனக்கு வானம் தெரிந்தது. அது உதைத்த உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேலே பிறை மாதிரி வெட்டிவிட்டது. கனமான துப்பாக்கி உதையைத் தானே விழுங்கும். லேசானது அப்படியே நம்மிடம் கொடுத்துவிடும். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்ததை நெற்றியில் எழுதிக் காட்டினால்தான் சில பேருக்குப் புரிகிறது.

வீட்டுக்கு வந்தேன். கோலீன் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா முத்தம் குடுத்து அனுப்பியிருக்கு" என்றாள். "இத்தனை வருஷத்துல நான்கூட இவ்வளவு அழுத்தமா குடுத்ததில்ல."

ஆகவே எனக்கு அது வேண்டாம். எனக்கு இன்னும் கொஞ்சம் கனமும் சின்னத் தோட்டாவும் வேண்டும். தவிர, நான் இடதுகைக்காரன். தோட்டா ஏற்றுகிற போல்ட் இடதுபக்கம் இருக்கிற துப்பாக்கி எளிதில் கிடைப்பதில்லை. ஹோபார்ட் விசாரிக்கிறான்.

மேட்டில் மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கிறாயா? நானும் தினமும் கால்வாய் மேட்டில் ஏறுகிறேன். ஒரு வரி எழுது.

ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
ஜூலை 27

அன்புத் தம்பி,

நான் நலம். கோலீனைக் கேட்டதாகச் சொல். வைக்கோல் வேலை. அதனால் தாமதம்.

நெற்றி ஆறிவிட்டதா?

லேசான துப்பாக்கி எல்லாமே அப்படி உதைக்குமா? சின்னத் தோட்டா போட்டால் உதை எவ்வளவு குறையும்? ஹோபார்ட்டைக் கேட்டு எழுது.

வெல்டா


சால்மன்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமென்று எழுதியதில் மனம் குளிர்ந்தது. என் நெற்றி ஆறிவிட்டது. கோலீன் தைலம் தடவுகிறேன் என்று தினமும் அழுத்திவிட்டுப் போகிறாள்.

முதலில் உனக்கு நன்றி சொல்லவேண்டும். நான் கேட்டபடியே எனக்காகப் பெரிய பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருக்கிறாய். தபால் பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே படித்து முடித்துவிட்டேன். ஓரிடத்திலும் தடுக்கவில்லை. வைக்கோல் வேலைக்கு நடுவே இப்படி நிதானமாக உட்கார்ந்து எழுத உனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். டீச்சரிடம் காட்டினேன். "உங்க அக்காவுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம்" என்றாள்.

இப்போது நல்ல சேதிகள். எனக்குத் துப்பாக்கி கிடைத்துவிட்டது. போல்ட் இடதுபக்கம், குழல் இருபது அங்குலம், ஸ்கோப்போடும் வாரோடும் ஆறு பவுண்டு சொச்சம். பழையதுதான், ஆனால் முன்னால் வைத்திருந்தவர் அதிகம் சுடவில்லை. தோட்டா சின்னது, ஆனால் ஆட்டுக்குப் போதும். சுட்டுப் பார்த்தேன். தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடங்கிவிடுகிறது. இளைத்த உதை. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உனக்கு என் நெற்றியை வெட்டிய அந்த ஐந்து பவுண்டுத் துப்பாக்கியையே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதே. எனக்கு ஆகாதது உனக்கு ஆகும். உன் கழுத்து நீளம், கண் ஸ்கோப்பிலிருந்து தள்ளி நிற்கும். உதையும் உனக்கு ஒரு பொருட்டில்லை. நீ மாட்டையே தோளால் தள்ளுகிறவள். வலதுகைக்காரர்களுக்கு அதைவிட லேசானது இந்த மாநிலத்திலேயே இல்லை என்று ஹோபார்ட் சொல்கிறான். சரி என்று ஒரு வார்த்தை எழுது, வாங்கிவிடுகிறேன்.

ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
ஆகஸ்ட் 11

அன்புத் தம்பி,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

எனக்கு வாங்காதே. என் பழையது இருக்கிறது.

உனக்கு நல்லது கிடைத்ததில் சந்தோஷம். செப்டம்பரில் மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது சிரமம்போலத் தெரிகிறது. அப்படி ஆனால் நீ கோலீனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா. உன் பெயர் விழுந்தது வீணாகக்கூடாது.

வெல்டா


சால்மன்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமில்லை.

எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நீ மட்டும் போ என்று எழுதியிருந்தாய். அது நீ எழுதுகிற வரி இல்லை. என்ன கோபம் உனக்கு, அந்தத் துப்பாக்கியை எடுத்துவைத்ததா என்று யோசித்தபடி கடிதத்தை மேசைமேல் போட்டுவிட்டுச் செனட்டருக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வந்தால் கோலீன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு எழுத்து கொஞ்சம் தேறியிருக்கே" என்றாள்.

"எது?"

"இது. உன் பயிற்சித் தாள்தானே?"

"அது அக்கா கடிதம்டீ" என்றேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். நான் என் பயிற்சித் தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதே நடுக்கம். அதே மாதிரி வரி போகப்போகக் கீழே சரிகிறது. அதோடு இன்னொன்றும் இருந்தது. உன் வரிகள்மேல் மை இழுபட்டிருந்தது. எழுதின ஈரம் காய்வதற்குள் கையின் விளிம்பு அதன்மேல் போயிருக்கிறது. அப்படி இழுபடுவது இடது கையால் எழுதுகிறவனுக்குத்தான். என் சுண்டுவிரல் பக்கம் எப்போதும் நீலமாகவே இருக்கிறது, கோலீன் மேசைவிரிப்பைக் காப்பாற்ற என் கைக்கு அடியில் துணி போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாதா?

நீ எனக்காக மெதுவாக எழுதவில்லை. உன்னால் அப்படித்தான் எழுத முடிந்தது. நான் அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

உன் வலது கைக்கு என்ன ஆயிற்று?

நான் போன் பக்கத்திலேயே போகவில்லை. போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாய். இடது கையால் ஒன்றுமில்லை என்று எழுதிப் பார். நான் படித்துக்கொள்கிறேன்.

ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
ஆகஸ்ட் 24

ஆர்டெல்,

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே தப்பு. கோலீன் வாசித்துக் காட்டின காலத்தில் உன்னை ஏமாற்றுவது சுலபமாக இருந்தது.

மாட்டைத் தோளால் தள்ளுகிறவள் என்று எழுதியிருந்தாய். ஜூலை முதல் வாரத்தில் ஒரு கிடாரி முந்திக்கொண்டது. தொழுவக் கதவோடு சேர்த்து என்னைத் தள்ளியது. வலது காறை எலும்பு முறிந்து தோளும் பிசகிவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். எலும்பு கூடிவிட்டது. நடக்கலாம், ஏறலாம் என்கிறார் டாக்டர். முதுகில் கனம் கூடாது. துப்பாக்கிக் கட்டையை இந்த வருஷம் வலது தோளில் வைக்கவே கூடாது. உன் ஐந்து பவுண்டு ராட்சசன் மட்டும் அல்ல, எந்தத் துப்பாக்கியும்.

சொல்லாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். நான் வரமாட்டேன் என்றால் நீயும் போகமாட்டாய். உன் கடிதங்களைப் படித்தால் ஒரு பையன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற மாதிரி இருந்தது. மரப்படியில் ஏறி இறங்கினாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்ததில் எலும்பு வலித்தது. நான் எப்படிச் சொல்வேன்?

அந்தப் பேச்சை நான்தான் சொன்னேன், நானே அழிக்கிறேன். நீ போ. கோலீன் கூட வரட்டும். எனக்கு உன் அனுபவத்தை எழுது. பெரிய எழுத்தாக.

வெல்டா

பி.கு. ஒரு கடிதம் எழுத ஒரு முழுச் சாயங்காலம் ஆகிறது. பனிக்காலம் முழுக்க நீ எப்படித்தான் உட்கார்ந்தாயோ.


சால்மன்
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

எலும்பு கூடியதற்குக் கடவுளுக்கு நன்றி. கிடாரியை என்ன செய்தாய்? வைத்திருக்கிறாயா, சாப்பிட்டுவிட்டாயா?

உன் பேச்சை நீ அழிக்க முடியாது. நான் சம்மதித்ததால் அதில் பாதி என்னுடையது. என் பாதியை நான் அழிக்கவில்லை.

நான் இரண்டு நாளாக யோசித்தேன். இத்தனை மாதமாக உனக்கு ஒரு துப்பாக்கி, எனக்கு ஒரு துப்பாக்கி என்று தேடியதுதான் தப்பு. ஆடு நம்மைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கப் போகிறதா? ஒரு நேரத்தில் ஒருவர்தான் சுடப்போகிறோம். ஒரே துப்பாக்கி போதும். என்னிடம் இருக்கிற ஆறு பவுண்டுத் துப்பாக்கியை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தால் ஆளுக்கு மூன்று பவுண்டு. ஹோபார்ட்டிடம் போய், "மூணு பவுண்டுத் துப்பாக்கி கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன். "எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். சொன்னேன். அப்புறம் அந்த ஐந்து பவுண்டை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தான், வியாபாரம் கைநழுவிப் போன துக்கத்தோடு.

வலது தோளில் வைக்கக்கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார். இந்தத் துப்பாக்கி வலது தோளுக்கானதே இல்லை. போல்ட் இடதுபக்கம், உன் நல்ல கைப்பக்கம். இடது கையால் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டவளுக்கு விசையை அழுத்துவதா கஷ்டம்? உன் வலது கண்தான் குறிபார்த்துப் பழகின கண். அது குறுக்கே வந்து குழப்பும். மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொள். இடது கண் வேறு வழியில்லாமல் வேலை செய்யும்.

பத்து நாள் முன்னாலேயே வா. முதலில் தோட்டா இல்லாமல் பழகு, பிறகு சுடலாம். உன் மூட்டையைச் செனட்டர் சுமப்பான். அவன் வராத இடத்தில் நான் சுமப்பேன். முகாமைக் கோலீன் பார்த்துக்கொள்வாள்.

ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
செப்டம்பர் 3

தம்பி,

நலம். கிடாரி உயிரோடுதான் இருக்கிறது, என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது.

டாக்டரிடம் இடது தோளைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்.

மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரன் பார்த்துக்கொள்கிறான். வெள்ளிக்கிழமை வருகிறேன். பிளாஸ்திரி வாங்கியாகிவிட்டது.

வெல்டா


சால்மன்
அக்டோபர் 4

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். தோள் எப்படி இருக்கிறது? இங்கே கோலீன் இன்னும் கறியை அரைத்து உறையில் இட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் துண்டை வறுத்துச் சாப்பிட்டோம். பழைய பூட்ஸ் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் இன்னொரு துண்டும் போட்டுச் சாப்பிட்டோம்.

நீ என்கூடத்தான் இருந்தாய், உனக்கு எதற்கு இதை எழுதவேண்டும் என்று கோலீன் கேட்கிறாள். நீ ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய் அக்கா. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த மூன்றாவது நாள் காலை. கிடா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பாறை விளிம்பில் படுத்திருந்தது. எங்கோ விட்டுப்போன பனித்திட்டு மாதிரி. நாம் நத்தை மாதிரி நகர்ந்து எதிர்ப்பாறைக்குப் பின்னால் வந்து சேர்ந்தோம். அங்கே சுட்டால் உருண்டு கீழே போய்ச் சிதறிவிடும், எழுந்து நல்ல இடத்துக்கு வரட்டும் என்று உட்கார்ந்தோம். அதற்கு நல்ல தூக்கம். நமக்கு நல்ல குளிர். துப்பாக்கி நடுவில் என் கோட்டின்மேல் கிடந்தது.

"நீ சுடு" என்றாய்.

"நீதான் மூத்தவ. நீ சுடு."

"மூத்தவ சொல்றேன், நீ சுடு."

"கையில பிஸ்கட் இருக்கு, எப்பிடிச் சுடறது?"

"கீழ வைடா."

"அக்கா, நாம இப்பிடியே ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்துக்கிட்டிருந்தா அந்த ஆடு வயசாகிச் செத்துரும். கண்ணாடியில பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் அழகு காட்டவா வந்தே?"

நீ என்னை ஒரு முறை முறைத்தாய். ஒரு கண்ணால் முறைத்ததால் பாதிக் கோபம்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் துப்பாக்கியை எடுத்தாய்.

நான் பார்த்தது இதுதான். நீ கட்டையை இடது தோளில் வைத்தபோது உன் வலது கை தானாக அதைத் தேடி மேலே வந்தது. நீ அதை மெதுவாகக் கீழே இறக்கி என் கோட்டுக்கு அடியில் வைத்தாய், அடம்பிடிக்கிற பிள்ளையை உட்காரவைக்கிற மாதிரி. ஆடு எழுந்தது. முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்தது. புல்திட்டுக்கு நாலு எட்டு நடந்து, பக்கவாட்டில் நின்றது. உன் உதடு அசைந்தது. என்ன சொன்னாய் என்று என் காதில் விழவில்லை. சத்தம் வந்தபோது நான் ஆட்டைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். நீ கண்ணை மூடவில்லை.

ஆடு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "உதை எப்பிடி?" என்று கேட்டேன்.

"எந்த உதை?" என்றாய்.

இறங்கினதையும் எழுதிவிடுகிறேன். ஜூனிலிருந்து அவுன்ஸ் அவுன்ஸாகக் குறைத்தோம். பல் துலக்குகிற பிரஷ்ஷின் காம்பைக்கூட நான் அறுத்தேன். கடைசியில் கறியும் தோலும் கொம்புத் தலையுமாக என் முதுகில் ஏறினது ஒரு கன்றுக்குட்டியின் கனம். இரண்டு நடை. அப்போது அந்த மலையிலேயே லேசான பொருள் அந்தத் துப்பாக்கிதான். நான் கேட்டேன், நீ கொடுக்கவில்லை. "டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், வேற எதைத் தூக்குவேன்?" என்றபடி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினாய். முகாமில் கோலீன் உன்னைப் பார்த்துக் கைதட்டினாள். பின்னால் கறிமூட்டையாக நான் வந்ததை அவள் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அக்கா, இன்னொரு விஷயம். என் பங்கு ஆட்டுக்கான அனுமதிச் சீட்டு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் எடுத்து வாசித்தேன். நவம்பர் பாதிவரை செல்லும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மேலே பனி விழ ஆரம்பித்துவிட்டது. இப்போது கிடாக்களுக்கு முடி முழங்கால்வரை தொங்கும். நான் தனியாகப் போகமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுவைத்திருக்கிறேன்.

ஆர்டெல்


பானர்ஸ் ஃபெரி
அக்டோபர் 12

அன்புத் தம்பி,

தோள் நலம், மாடுகள் நலம். கோலீனிடம் பிளாஸ்க்கில், போன தடவை முகாமில் கொடுத்த அந்தக் கறிச்சாற்றை நிறையக் கொண்டுவரச் சொல். பனியில் அதுதான் கைகொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். செனட்டருக்கு லாடம் பார்த்துவை. இந்தத் தடவை சுடப்போவது நீ. அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு எனக்கு மரியாதை கொடுக்காதே.

துப்பாக்கியை யார் தூக்குவது என்று இப்போதே பேசி முடித்துவிடுவோம், மலையில் சண்டை வேண்டாம். ஏறும்போது நீ. இறங்கும்போது நான்.

வெல்டா